டிரைவருக்கு ஒரு மெத்தை

ஆச்சி வீட்டு மெத்தை அறையைத் திறந்தால் இலவம்பஞ்சு வாசனை முகத்தில் மோதும். மகள் கல்யாணச் சீருக்காகத் தைத்த மெத்தைகள் உத்தரம் வரை அடுக்கியிருக்கும். ஒன்றில்கூட ஆள் படுத்ததில்லை. அந்த வீட்டுக் கார் டிரைவர் நான். குற்றாலம் கிளம்புகிற அன்று, காருக்குள் படுக்க அதில் ஒரு மெத்தை கேட்டேன். ஆச்சி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தார். "மெத்தையில படுத்தா விடியிறது தெரியுமாடா ஒனக்கு? டிரைவரு அசந்து தூங்கப்படாது."

வயிறு நிறையச் சோறு போட்ட மனுஷிதான். அதனாலேயே அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று சொந்தமாக வேன்கள் வைத்திருக்கிறேன்; காரைக்குடியில் வேன் வேண்டுமென்றால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். வண்டிக்குள் தூங்குவதைப் பற்றி எனக்குச் சொல்லித்தர இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வரவேண்டும். காற்றடைத்த மெத்தை பார்க்கத்தான் அழகு. ஒருவர் புரண்டால் அடுத்தவர் குலுங்குவார், அடியில் குளிர் ஏறும். தடித்த ஸ்பாஞ்சு போட்டால் எழுந்து உட்காரும்போது தலை கூரையில் இடிக்கும். சீட்டை மடக்கி, கால் வைக்கும் பள்ளத்தை முதலில் ஜமுக்காளத்தால் நிரப்ப வேண்டும். இல்லையென்றால் இடுப்பு செத்துப்போகும். அதன்மேல் கோரைப்பாய், மேலே மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை. எல்லாம் என் முதுகு பட்டுத் தெரிந்துகொண்டது.

ஆச்சியின் மகன் இப்போது அந்த வீட்டை விடுதியாக்கி நடத்துகிறார். விருந்தாளிகளை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போய் வேனிலேயே தூங்கவைக்கும் சுற்றுலா ஒன்றைத் தொடங்கினார். வேனும் படுக்கையும் என் பொறுப்பு. படுத்துப் பார்த்து, "சொகமா இருக்குண்ணே" என்றார். பிறகு முன்சீட்டில் சுருட்டி வைத்திருந்த மெத்தையைக் கவனித்தார்.

"இது யாருக்கு?"

"டிரைவருக்கு. வெளியில விரிச்சுப் படுத்துக்குவான்."

"அவனுக்கு எதுக்குண்ணே மெத்தை? அசந்து தூங்கிட்டா?"

ஆச்சி போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று. குரல் மட்டும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

"அப்ப என் வேன் வராது" என்றேன்.

அவர் மானகிரியில் வேறு வேன் பேசிக்கொண்டார். சவாரி போனால்தான் என் டிரைவருக்குச் சம்பளம். அவனும் அந்த வேனுக்கே வேலைக்குப் போய்விட்டான். போன வாரம் டீக்கடையில் பார்த்தேன்.

"எங்கடா படுக்கிற?"

"முன்சீட்டுலதான். கால மடக்கிக்கிட்டு."

"அதுக்குத்தானடா நான் அவருகிட்ட மல்லுக்கு நின்னேன்."

"நீங்க ஒங்க ரோசத்துக்கு நின்னீக, மொதலாளி" என்றான். "ஒங்க வேன் ஒண்ணு நின்னா நிக்கும். என் வீட்டு அடுப்பு நிக்கலாமா?"

எதிரே நின்ற வேனிலிருந்து யாரோ கைதட்டிக் கூப்பிட்டார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினான்.