மூன்று இருபத்திரண்டுக்குத் திறந்த கதவு

இது நடந்தது. போன டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன், பேரணாம்பட்டுக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் நடந்தது. சமீருல்லா பொய் சொல்கிற ஆளில்லை. குடிக்கிறவனும் இல்லை. பதினோரு வருடமாக ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவனுக்கு நரி எது, நிழல் எது என்று தெரியும். அவன் சொன்ன மணியை ஒரு நிமிடம்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பகலில் படியுங்கள்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அடுப்படியில் சமோசா மடித்து விற்று ஆரம்பித்த ஆம்பூர் கம்பெனி அது. இன்று கபாப், பரோட்டா, சமோசா எல்லாவற்றையும் உறைய வைத்து வாலாஜாபேட்டை வரைக்கும் அனுப்புகிறார்கள். சரக்கு மைனஸ் பதினெட்டு டிகிரியில் போக வேண்டும். கொஞ்சம் இளகினாலும் கடைக்காரன் வாங்க மாட்டான். ஆரம்பத்தில் ஒரே ஃப்ரீசர் வண்டி. ஓட்டுவதற்கு சமீருல்லா, இறக்குவதற்கு ஏசுராஜ். ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனார்கள். ஒரு டீயை ரெண்டாக ஊற்றிக் குடித்தார்கள். ஒருவன் கண் சொக்கினால் இன்னொருவன் தொடையில் கிள்ளுவான்.

வியாபாரம் வளர்ந்தது. ரெண்டாவதாக ஒரு பழைய வண்டியை வாங்கினார்கள். வண்டிக்கு ஒரு ஆள் போதும், கடைக்காரர்களே இறக்கிக்கொள்வார்கள் என்று முடிவானது. ஏசுராஜை ஷெட்டிலேயே லோடு ஏற்றுகிற வேலையில் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து சமீருல்லாவுக்குப் பக்கத்து சீட் காலி. அதில் டிபன் டப்பாவை வைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டு ஓட்டுவான். உருளாமல் இருக்கத்தான் என்பான். பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அது மட்டும் இல்லை என்று.

ரெண்டு வண்டிகளின் கன்டெய்னர் கதவிலும் ஒரு கருவி மாட்டியிருந்தார்கள். கதவு திறக்கிற, மூடுகிற மணியும் உள்ளே இருக்கிற குளிரும் நிமிடத்துக்கு நிமிடம் அதில் பதிவாகும். வழியில் எங்கே திறந்தாலும் ஆபீசில் சூப்பர்வைசர் நயீம் அகமதுவின் போன் கத்தும். கடை இல்லாத இடத்தில் மூன்று தடவை திறந்தால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும். சமீருல்லாவுக்கு ஏற்கெனவே ரெண்டு ஆகிவிட்டது. வண்டி போனால் மறுபடியும் தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் தூக்கத்தான் போக வேண்டும். நாற்பத்தொன்பது வயதில் முதுகு அதைத் தாங்காது.

அவனுக்கும் ஏசுராஜுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. கதவை மூடியதும் கன்டெய்னர் சுவரில் ரெண்டு தட்டு. டப், டப். உள்ளே ஆள் இருந்தால் திருப்பி ரெண்டு தட்ட வேண்டும். பதில் வராவிட்டால் கிளம்பலாம். அவ்வளவு தடித்த கதவு, உள்ளே இருந்து கத்தினால் வெளியே கேட்காது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர்களாக வைத்துக்கொண்டது.

அன்று மணி 1.50. சரக்கு ஏறி முடிந்தது. சமீருல்லா சுவரில் தட்டினான்.

“யாரத் தட்ற பாய்? நான் இங்கதான குந்திகினு கீறேன்,” என்றான் ஏசுராஜ். காலி டிரே மேல் உட்கார்ந்து கைகளை உரசிக்கொண்டிருந்தான்.

“பழக்கம்டா.”

“என் சீட்டுல அந்த டிபன் டப்பா சௌக்கியமா? ஓசிலயே போவுது. எறங்கச் சொல்லு.”

“நீ வா, எறக்கி வுடறேன்.”

“எங்க வர்றது? இன்னும் ஹம்மாத் லோடு கீது. வந்து பத்து நாள் ஆவல, அதுக்குள்ள இன்னா அவசரம் அவனுக்கு! சும்மா வாட்சையே பாக்கறான். ஒரே பேஜாரு.”

ஹம்மாத் ரெண்டாவது வண்டியின் டிரைவர். இருபத்து நாலு வயசுப் பையன். வாலாஜாபேட்டை லைன் அவனுக்கு. அவன் லோடை ஏற்றிவிட்டால் ஏசுராஜ் வீட்டுக்குப் போய்விடுவான்.

சமீருல்லா கிளம்பினான்.

மணி 2.50. பேரணாம்பட்டு. பனி இறங்கியிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கடைக்காரர் தூக்கக் கலக்கத்தோடு நாற்பது பெட்டிகளை இறக்கிக்கொண்டு ஷட்டரை இழுத்து மூடினார். கன்டெய்னருக்குள் மீதி இருந்தது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வருகிற சுவரை ஒட்டி ரெண்டு வரிசை பெட்டி மட்டும். சமீருல்லா கதவைச் சாத்தினான். கை தானாகச் சுவருக்குப் போனது.

டப், டப்.

வண்டியில் ஏறுவதற்குக் காலைத் தூக்கினான்.

டப்... டப்.

உள்ளே இருந்து.

அப்படியே நின்றான். ஒரு நிமிடத்துக்கு முன் அவனே உள்ளே நின்று பெட்டிகளை எண்ணியிருந்தான். ஐஸ் வெடித்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. வண்டியை எடுத்தான்.

மணி 3.04. இப்போது அவன் முதுகுக்கு நேர் பின்னால். டப், டப்.

மணி 3.11. நிறுத்தாமல் தட்டியது. எண்ணினான். ஒன்பது தடவை.

மணி 3.19. தட்டுவதோடு இன்னொரு சத்தமும். தகரத்தில் நகத்தால் பிராண்டுவது போல...

திறந்தால் மூன்றாவது தடவை. வண்டி போய்விடும். திறக்காமல் விட்டு, உள்ளே ஒரு ஆள் இருந்தால்? மைனஸ் பதினெட்டில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான்?

மூடிக் கிடந்த ஒரு செங்கல் சூளைக்கு எதிரே ஓரம் கட்டினான். இறங்கினான். கதவை அகலத் திறந்தான்.

மணி 3.22.

குளிர்ப்புகை வழக்கம்போல் தரையோடு வழிந்து அவன் காலில் விழுந்தது. போன் லைட்டை உள்ளே அடித்தான். பெட்டிகள். வேறு ஒன்றும் இல்லை.

லைட்டைக் கடைசி மூலைக்குத் திருப்பினான்.

அங்கே ஒரு புகை. சின்னதாக. பெட்டிக்குப் பின்னாலிருந்து மேலே எழும்பியது. நின்றது. மறுபடி எழும்பியது.

குளிர்ப்புகை மேலே போகாது. கீழேதான் இறங்கும். பதினோரு வருடமாகப் பார்க்கிறான்.

மேலே போவது மூச்சு.

“ஏசு...?”

அந்தப் பேர் ஏன் வாயில் வந்தது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு காலை உள்ளே வைத்தான்.

போன் அடித்தது. நயீம்.

“பாய், கதவு தொறந்திருக்குன்னு காட்டுது. அங்க கடை இல்லியே?”

“உள்ள தட்ற சத்தம் வருது தம்பி.”

“யாரு தட்றாங்க?”

“தெர்ல.”

“யார்னா கீறாங்களா, இல்லியா?”

மூலையைப் பார்த்தான். புகை நின்றுவிட்டிருந்தது. பெட்டிகள் மட்டும்.

“...இல்ல.”

“மூடுங்க பாய். மூணாவது வாட்டி. நான் எத்தினி நாள் மறைக்கிறது?”

மூடினான். மணி 3.26.

3.33. ஒரே தட்டு. தட்டியது போல இல்லை. தூக்கிய கை விழுந்தது போல இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

மணி 3.58. குடியாத்தம். அங்கே இறக்க வேண்டியது பாதிதான். எல்லாவற்றையும் வெளியே எடுத்தான். கடைக்காரர் திட்டினார். காதில் வாங்கவில்லை. உள்ளே போய், சீட்டுக்குப் பின்னால் வருகிற சுவரைப் பார்த்தான். சுவர் முழுக்க வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. ரெண்டு இடத்தில் மட்டும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு... உருகியிருந்தது.

4.05. ஏசுராஜுக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்று தடவை.

“தூங்குவான்,” என்று பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொன்னான்.

5.16. காட்பாடிக்குள் நுழையும்போது நயீம் கூப்பிட்டான்.

வாலாஜாபேட்டையில் ஹம்மாத் வண்டியைத் திறந்து பெட்டிகளை நகர்த்தியதும் கடைக்காரர் அலறியிருக்கிறார். கடைசி மூலையில் பெட்டிகளுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான் ஏசுராஜ். கடைசி வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தவனைப் பார்க்காமல் ஹம்மாத் 2.20க்குக் கதவை மூடிவிட்டான். தட்டிப் பார்க்கிற பழக்கம் அவனுக்குத் தெரியாது. உள்ளே இருந்து திறக்கிற கைப்பிடி பழைய வண்டியில் உடைந்திருந்தது. ஏசுராஜின் போன் ஷெட்டில், அவன் பைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அவன் வீட்டுக்குப் போயிருப்பான் என்று எல்லாரும் நினைத்தார்கள். கடை ஐந்து மணிக்குத்தான் திறக்கும் என்று ஹம்மாத் பள்ளிகொண்டா தாண்டி ஓரம் கட்டி, என்ஜினை ஓடவிட்டு, ஒன்றரை மணி நேரம் தூங்கியிருக்கிறான்.

உயிர் இருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இடது கையில் மூன்று விரல்களை எடுத்தார்கள்.

நான்காம் நாள்தான் சமீருல்லாவை உள்ளே விட்டார்கள். ஆப்பிள் வாங்கிப் போயிருந்தான். ஏசுராஜ் அதைப் பார்க்கவில்லை. இவனையே பார்த்தான்.

“ஏன் பாய் மூடுன?”

“இன்னாடா சொல்ற?”

“தொறந்தியே. லைட்டு எம்மேலதான் அடிச்ச. பேரச் சொல்லிக் கூப்ட்ட. எழுந்துக்கலாம்னு பாக்கறேன், காலு மரத்துப் போச்சி. கையத் தூக்கிக் காட்னேன். வெளிய காத்து வெதுவெதுன்னு வந்துச்சி பாய்... அதுலதான் உசுரு நின்னுச்சி.” மூச்சு வாங்கினான். “ஒரு காலக்கூட உள்ள வெச்ச. அப்புறம் போன்ல யாரோ பேசுனாங்க. ஆளு இல்லன்னு சொல்லிட்டு மூடிட்ட.”

பேர் சொல்லிக் கூப்பிட்டதை சமீருல்லா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“ஏசு... நான் குடியாத்தம் ரோட்ல இருந்தேன்டா. நீ இருந்தது ஹம்மாத் வண்டியில.”

“உன் மொகம் எனக்குத் தெரியாதா?”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு இன்றுவரை அவன் சமீருல்லாவிடம் பேசவில்லை. போன் போட்டால் எடுப்பதும் இல்லை.

மறுநாள் நயீம் அகமது சமீருல்லாவை ஆபீசுக்குக் கூப்பிட்டான். வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கத் தயாராகத்தான் சமீருல்லா போனான்.

“வேணாம் பாய், வெச்சுக்குங்க. சரக்கு இளகுனாத்தான புகாரு? உங்களுது இளகல.” நயீம் சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ரெண்டு வண்டிகளின் டெம்பரேச்சர் சீட்டையும் மேசையில் தள்ளினான்.

ஹம்மாத் வண்டி. 2.20க்கு மூடிய கதவு 5.08க்குத்தான் திறந்தது. நடுவில் திறக்கவே இல்லை. ஆனால் 3.22க்கு உள்ளே சூடு ஏற ஆரம்பித்தது. மைனஸ் பதினாலு... மைனஸ் ஒன்பது. 3.26க்கு மறுபடி இறங்கியது.

சமீருல்லா வண்டி. 3.22க்குக் கதவு திறந்தது. 3.26க்கு மூடியது. நாலு நிமிடம் கதவு அகலத் திறந்து கிடந்தது.

மைனஸ் பதினெட்டு.

மைனஸ் பதினெட்டு.

மைனஸ் பதினெட்டு...

ஒரு டிகிரிகூட ஏறவில்லை.