வாசனை இல்லாத பூ

காக்களூர் தொழிற்பேட்டைக்கு எதிரே ஒரு நர்சரியில்தான் அவரைப் பார்த்தேன். ஆலைச் சீருடை, நரைத்த மீசை. ஒவ்வொரு செடியையும் கண்ணை மூடி மோந்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"செடி வாங்க வந்தியா நைனா, மோப்பம் புடிக்க வந்தியா?" என்றாள் நர்சரிக்காரம்மா.

"வாசன இல்லாத பூ வேணும்மா. முள்ளு இருக்கக் கூடாது. பொண்ணுக்கு ஆவாது."

வாசலில் நின்ற ஆட்டோவுக்குள் இருபது வயது மகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பிளாஸ்திரி. கம்பெனிப் புகையோ மல்லிகையோ, எது மூக்கில் ஏறினாலும் சுவரில் தலையை மோதிக்கொள்வாளாம். அவள் அமைதியாக உட்கார வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போடுகிறார். அதுவரை கொடுத்துப் பார்த்த இரண்டு செடிகளையும் வீசியெறிந்திருந்தாள்.

சும்மா இருக்க மாட்டாமல் நான் கோழிக்கொண்டையைக் காட்டினேன். மோந்தார். மறுபடியும் மோந்தார். கொண்டுபோய் மகளின் மடியில் வைத்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் விரல் அந்த வெல்வெட் மடிப்புகளுக்குள் மெல்ல இறங்கியது. ஆட்டம் நின்றது. குனிந்து, பூவில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணிடாதப்பா" என்று டிரைவரிடம் கிசுகிசுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இது எவ்ளோ நாளும்மா நிக்கும்?"

"ரெண்டு மாசம். அப்பால காஞ்சிடும்."

முகம் சுண்டிப்போனது. பிறகு குந்தி உட்கார்ந்து, பூத்தது, மொட்டு விட்டது, இன்னும் நாற்றாகவே இருப்பது என்று வகைக்கொன்றாகப் பொறுக்கினார்.

"வெத எடுக்கவும் சொல்லிக் குடும்மா. அவளுக்குப் பழக்கணும். நான் இல்லாதப்ப அவதான போட்டுக்கணும்?"

குரலில் துளி நடுக்கமில்லை. எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.