தறி நின்ற சத்தம்

பரிதா இறந்த செய்தி வந்தபோது நான் அவருக்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கோவை ராம்நகரில் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒற்றை அறை ஒலிக்கூடம். அவருடைய இசைத்தொகுப்பை வெளியிடவிருந்த நிறுவனத்தின் ஆள் ஒரு போனில், "அந்த இரைச்சலை எல்லாம் எடுத்துக் கொடுங்க" என்று பிடிவாதம் பிடித்தார். இன்னொரு போனில் பரிதாவின் தம்பி. "அக்கா போயிருச்சுங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிச்சு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க." இரண்டையும் வைத்துவிட்டு அழுதேன்.

அவர் வேலை செய்யும் விதம் அவர் இசையைக் கேட்டவர்களுக்குத் தெரியும். வேண்டுமென்றே மங்கலாக்கிய லோ-ஃபை இசை என்றால் கணினியில் பொத்தானைத் தட்டி மழைச் சத்தம் சேர்ப்பது என்று நினைப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பதிவு செய்ததைத் தேய்ந்த கேசட்டில் ஏற்றுவார். அலுமினியக் குண்டாவுக்குள் சின்ன ஸ்பீக்கரை வைத்து ஓட்டி, மறுபடி பதிவு செய்வார். கூர்மையெல்லாம் மழுங்கி, அடியில் 'உஸ்' என்ற இரைச்சல் படியும் வரை விடமாட்டார். "சுத்தமான சத்தத்துல ஆருங்க குடியிருக்க முடியும்?" என்பார். தூக்கம் வராத எத்தனையோ பேர் அவர் இசையில் குடியிருந்தார்கள்.

ஒருமுறை தறிச்சத்தம் வேண்டுமென்று சென்னிமலைக்குப் போனோம். கைத்தறிக் கூடம் ஒன்றில் அனுமதி வாங்கி, பரிதா ரெக்கார்டரை அழுத்தியதும் தறிகள் அத்தனையும் நின்றுவிட்டன. விழித்தோம். "நீங்க பதிவு பண்றப்ப நாங்க சத்தம் போட்டா நல்லா இருக்குமுங்களா? அதான் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிப்போட்டேனுங்க" என்றார் மூத்த நெசவாளர். நான் விளக்கப் போனேன். பரிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கையைப் பிடித்து நிறுத்தினார். ரெக்கார்டர் ஓடியது. மின்விசிறி கடகடத்தது, யாரோ செருமினார், ஒரு வளையல் தறிக்கட்டையில் இடித்தது. வெகுநேரம் பொறுத்த பெரியவர் மெல்லக் கேட்டார்: "போதுமுங்களா?"

தொகுப்பின் கடைசி இசைத்துண்டு அந்தப் பதிவுதான். பரிதாவை அடக்கம் செய்த மறுவாரமே, "அவங்களுக்கு எங்க மரியாதை" என்று எழுதி, நிறுவனத்தார் அதைச் சுத்தம் செய்து அனுப்பியிருந்தார்கள். கேட்டேன். மின்விசிறி இல்லை, செருமல் இல்லை. பெரியவர் காலி டப்பாவுக்குள் நின்று பேசினார். இந்த மரியாதை எங்களுக்கு வேண்டாம் என்று பதில் எழுதி, ஒப்பந்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டேன். தொகுப்பு வரும். இரைச்சலோடு, எங்கள் ஒலிக்கூடத்தின் பெயரில் வரும்.

குண்டாவும் ரெக்கார்டரும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைவிடப் பெரிதாக ஒன்று அந்தப் பதிவில் இருக்கிறது. "போதுமுங்களா?" என்ற கேள்விக்குச் சற்று முன்னால், சிரிப்பை அடக்க முடியாமல் பரிதாவின் மூக்கு வழியே ஒரு நொடி காற்று வரும். நிறுவனத்தின் கணக்கில் அதுவும் இரைச்சல்தான். அதை யாருக்கும் துடைத்துக் கொடுக்க மாட்டேன்.