கடைசி சைஸ்

நாங்கள் வாங்கியபோது அந்த வண்டியில் ஒரு எலிக் குடும்பம் குடியிருந்தது. சீட்டுக்குள் நான்கு குஞ்சுகள். முட்டுக்காடு பக்கம் மூடிப்போன ஒரு விளையாட்டுத் திடலின் பின்புறம், நான்கு டயரிலும் காற்றில்லாமல் கிடந்தது அந்தக் குவாட், நான்கு சக்கர பைக். பழைய ஜப்பான் வண்டி, இருநூற்றைம்பது சிசி. ரிசார்ட்டுகளில் குழந்தைகளை உட்காரவைத்துச் சுற்றிக் காட்டுகிற தடியன் வகை இல்லை. தாழ்வாக, அகலமாக, ரிவர்ஸ் கியர்கூட இல்லாமல், வேகத்துக்காக மட்டுமே செய்த ஸ்போர்ட் வகை. அதனால்தான் எனக்கு அது வேண்டியிருந்தது.

கூட வந்தவன் பள்ளியிலிருந்தே நண்பன். புதுப்பட்டினத்தில் குட்டியானை மினி லாரி வைத்து லோடு அடிக்கிறான். வண்டியைச் சுற்றி வந்து சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் சொன்னது இது:

"மச்சான், இத்த வாங்கறதுக்கு எரும வாங்கலாம்டா. பாலாவது கறக்கும்."

"எரும எண்பதுல போவுமா?"

"இது மட்டும் போவுமா இன்னா? எலிதான் போவுது, பாரு."

ஆனாலும் பாதிப் பணம் அவன் போட்டான். அவன் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், குட்டியானை நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், குவாட்டும் வந்து நின்றது.

எனக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்க உதிரிபாகங்களை அளந்து இது சரி, அது தப்பு என்று பிரித்துப்போடுவது. ஷிப்ட் முடிந்த கையோடு பைக்கில் புதுப்பட்டினம் வந்துவிடுவேன். குவாட்டை எப்படிப் பிரிப்பது, எப்படிச் சேர்ப்பது என்று யார் யாரோ போட்ட வீடியோக்களை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பேன். மூன்று வாரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

என்ஜினைப் பிரித்ததும் முதல் சிக்கல் தெரிந்தது. சிலிண்டரின் உட்சுவர் முழுக்கக் கீறல். அதைக் கடைந்து, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடவேண்டும். இந்த வண்டிக்கு அப்படி நான்கு சைஸ் வரை பெரிதாக்கலாம். முன்பு வைத்திருந்தவர்கள் இரண்டைத் தின்றுவிட்டார்கள். எங்களுக்கு மிச்சம் இரண்டு.

கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு லேத் பட்டறை. நடத்துவது ஒரு அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். பெரிய தொழிற்சாலையில் மெஷின் ஓட்டிவிட்டு, அங்கே ஆள் குறைத்தபோது வெளியே வந்து சொந்தமாக சிலிண்டர் கடையும் போரிங் மெஷின் போட்டவர். சிலிண்டரை வாங்கி, உள்ளே அளவுக் கருவியை விட்டு மேலும் கீழும் ஓட்டி, மூன்று இடத்தில் அளந்து, சாக்பீஸால் அதன் மேலேயே எழுதினார்.

"தம்பி, இப்ப மூணாவது சைஸ் அடிக்கிறேன். இன்னும் ஒண்ணுதான் கீது. அதுவும் போச்சுன்னா இத்த எடைக்குதான் போடணும். இந்த மாதிரி பழசுக்கு புது சிலிண்டர் எங்கயும் கெடைக்காது."

பிஸ்டனை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோம். மூன்றாவது, நான்காவது இரண்டு சைஸையும் சேர்த்து வாங்கினால் அனுப்பும் கூலி ஒன்றுதான் என்று கணக்குப்போட்டு இரண்டையும் வாங்கி, நான்காவதை நண்பன் வீட்டு பீரோவில் வைத்தோம். மற்ற எதையும் வெளிநாட்டிலிருந்து வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. தீப்பொறி கொடுக்கும் சிடிஐ, கார்புரேட்டர் இரண்டும் நம்மூர் பைக்கினுடையவை. சக்கர பேரிங்குகள் எண்ணைச் சொன்னால் செங்கல்பட்டில் எந்த பேரிங் கடையிலும் கிடைத்தன. முன்பக்க ஷாக் இரண்டும் விபத்தில் நொறுங்கிய பைக்குகளிலிருந்து ஜோடி சேர்த்தவை. அதற்கான பிடிப்புகளை நண்பன் வெல்டிங் வைத்தான். கால் வழுக்கிச் சக்கரத்தில் மாட்டாமல் இருக்க இரண்டு பக்கமும் வலை வேண்டும். தண்ணீர்க் குழாயை வளைத்துச் சட்டம் செய்து, கட்டிலுக்குப் பின்னுகிற நைலான் பட்டையைப் பின்னிக் கட்டினோம். பச்சையும் வெள்ளையும்.

"படுத்துகினே ஓட்டலாம்டா," என்றான்.

முதல் ஓட்டத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தோம். எங்கள் பக்கம் வண்டிக்குப் பூஜை போடும் முன் அதைக் குளிப்பாட்டிவிட வேண்டும். ஒரு பொட்டு அழுக்கு, ஒரு பொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது. அதைப் பிரித்து மேய்ந்து செய்தேன். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் அது பஞ்சு. கறுப்பாக, பிசுபிசுவென்று எண்ணெயில் ஊறியிருந்தது. பழைய என்ஜின் பின்பக்கமாக எண்ணெய் கக்கியிருக்கிறது என்று நானே முடிவுகட்டினேன். எங்கள் பைக்குகளில் ஃபில்டர் காகிதத்தில் இருக்கும். காற்றடித்துத் தூசி தட்டி, காய்ந்ததாக மாட்டுவோம். இதையும் பெட்ரோலில் அலசி, ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் கிழித்து ஊற்றித் துவைத்து, கொடியில் காயப்போட்டேன். மாலைக்குள் பூப்போல ஆகிவிட்டது. சந்தனம், குங்குமம், சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். பின்சக்கரம்தானே இழுக்கிறது, இரண்டு போதும் என்று நான் சொல்ல, "முன்சக்கரம் கோச்சிக்கும்டா" என்று அவன் நான்கு வைத்தான்.

குவாட்டை ரோட்டில் ஓட்ட முடியாது, பதிவு கிடையாது. கடற்கரையிலும் கூடாது, ஆமை முட்டையிடுகிற இடம். அவன் சித்தப்பாவுக்கு ஊருக்கு வெளியே மணல் நிலம் இருந்தது. சவுக்கு வெட்டி முடித்து அடுத்த நடவுக்காகச் சும்மா கிடந்தது. அங்கே குட்டியானையில் ஏற்றிப்போய் இறக்கினோம். மூன்றாவது கியரில் மணல் மேட்டைத் தாண்டி நான்கு சக்கரமும் தரையை விட்டபோது நான் கத்திய கத்தல் எனக்கே கேட்டது. நண்பனும் ஓட்டினான். இறங்கி வந்து எருமையைப் பற்றிப் பேசவே இல்லை.

மூன்றாவது வாரம் புகை வந்தது. நீலப் புகை. மறுநாள் கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. பிரித்துப் பார்த்தேன். புதிதாகக் கடைந்த சிலிண்டரில் மேலிருந்து கீழாகக் கோடுகள்.

அளப்பதுதான் என் தொழில் என்ற திமிரில், வெர்னியர் காலிப்பரோடு பட்டறைக்குப் போனேன். டிராக்டர் வேலைக்கு வந்திருந்த இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே சொன்னேன்.

"அக்கா, நீங்க போட்ட போரிங் தப்பு. அளவு நேரா இல்ல."

அவர் தன் கருவியை எடுத்து அளந்தார்.

"கீழ பாரு. பிஸ்டன் ரிங்கு தொடாத எடம். நான் வுட்ட அளவு அப்டியே கீது. மேல மட்டும் தேஞ்சிகீது. நான் தப்பா அடிச்சிருந்தா கீழயும் தப்பாதான இருக்கும்? உள்ள இன்னாவோ போயிருக்குது. நீ இன்னாத்த குடிக்க வெச்ச?"

"நானும் குவாலிட்டியிலதான் வேலை செய்றேன்கா."

"அப்ப அந்த காலிப்பர பைக்குள்ள வெய். போரிங் அளக்கறதுக்கு அத்த எடுத்துகினு வரமாட்டாங்க."

பெஞ்சில் ஒருவர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. வீட்டுக்கு வந்தேன். செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் வரை பழைய வண்டிப் பைத்தியங்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் ஒன்று உண்டு. சிலிண்டரின் படத்தைப் போட்டு, பட்டறை எது என்று தெரியும்படி, "இங்கே யாரும் போரிங் கொடுக்காதீர்கள், என் என்ஜின் போச்சு" என்று எழுதினேன். கட்டைவிரல்கள் குவிந்தன. ஒருவர் நன்றி சொன்னார். தன் சிலிண்டரை அங்கே கொடுக்க இருந்தாராம், இனி வேறு இடம் பார்ப்பாராம். இன்னொருவர் இதைத் தன் ஊர் குரூப்புக்கும் அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, மிச்சமிருக்கிற ஒரே சைஸை வேறு எங்கே அடிக்கலாம் என்று பேசிக்கொண்டே நண்பன் கார்புரேட்டரைக் கழற்றினான். அதற்கும் ஃபில்டர் பெட்டிக்கும் நடுவிலிருந்த ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தான். விரல் நுனியில் மாவு போல நைசான மணல்.

"இது ஃபில்டரைத் தாண்டின பக்கம்டா. இங்க எப்டி மண்ணு?"

அன்று இரண்டு மடங்கு வேகத்தில் பார்த்த வீடியோவைத் திரும்பப் போட்டேன். இம்முறை சாதாரண வேகத்தில். பஞ்சு ஃபில்டரைக் கழுவிக் காயவைத்த பிறகு எண்ணெயில் ஊறவைத்துப் பிழிந்து மாட்டவேண்டும். எண்ணெய்தான் மணலைப் பிடிக்கிறது. காய்ந்த பஞ்சில் மணல் சல்லடையில் போவதுபோல் போய்விடும். அவ்வளவுதான், இரண்டு நிமிஷ விஷயம்.

நண்பன் என்னையே பார்த்தான். "ஷாம்பு போட்டியே மச்சான், ஷாம்பு. கண்டிஷனர் போட்லியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ஜினைவிட அந்தக் குரூப் செய்திதான் முதலில் நினைவுக்கு வந்தது. உடனே மறுப்பு எழுதிப் போட்டேன்: தவறு என்னுடையது, பட்டறையில் குறை இல்லை. மூன்று கட்டைவிரல். முதல் செய்திக்கு வந்ததில் கால்பங்குகூட இல்லை.

மறுநாள் கருங்குழிக்குப் போனேன். அக்கா என் கையிலிருந்த சிலிண்டரைப் பார்த்தார், வாங்கவில்லை.

"படிச்சேன்," என்றார். "மொதல்ல போட்டதையும் படிச்சேன், அப்புறம் போட்டதையும் படிச்சேன். ஒரு ஆளு வேலய குடுத்துட்டு திருப்பி எடுத்துகினு போயிட்டாரு. இன்னொருத்தரு போன எடுக்கமாட்டேன்றாரு. இன்னா செய்யலாம்?"

"நானே போய்ச் சொல்றேன்கா. ரெண்டு பேர் கிட்டயும்."

"போ. வெலாசம் தரேன், சொல்லிட்டு வா. அப்புறம் இத்த பாக்கலாம்."

முதல் ஆள் செங்கல்பட்டுக்காரர். புல்லட் வைத்திருக்கிறார். அவர் வீட்டு வாசலில் நின்று, ஷாம்பு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அந்த வாரமே சிலிண்டரைக் கொண்டுபோய்க் கருங்குழியில் கொடுத்தார். இரண்டாவது ஆள் மதுராந்தகம் பக்கம் டிராக்டர்கள் வைத்திருப்பவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "செரி தம்பி, ஆனா வேற எடத்துல குடுத்து வேலயும் முடிஞ்சிபோச்சே. இனிமே அங்கயே பாத்துக்கறேன்," என்றார். இரண்டுமுறை கேட்டேன். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

அதையும் அக்காவிடம் சொன்னேன். தலையாட்டினார். சிலிண்டரை வாங்கி, வரிசையில் இருந்த வேலைகளுக்கெல்லாம் கடைசியில் வைத்தார். பதினெட்டு நாள். அழைத்தபோது போனேன். என் எதிரிலேயே பீரோவில் வைத்திருந்த நான்காவது சைஸ் பிஸ்டனை அளந்து, துளையை அளந்து, இரண்டையும் சாக்பீஸால் எழுதி, "படிச்சுக்க," என்றார். படித்தேன். அளவு கச்சிதம். கூலி மூன்றாவது சைஸுக்கு வாங்கியதே.

"டிராக்டர்காரர் வருஷத்துக்கு நாலு வேல குடுப்பாரு தம்பி," என்றார் பணத்தை எண்ணிக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை.

இப்போது குவாட் நன்றாக ஓடுகிறது. பஞ்சை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவி, எண்ணெயில் பிழிந்து மாட்டுகிறேன், கையெல்லாம் பிசுக்கு. போன ஞாயிறு சித்தப்பா நிலத்துக்குக் கல்பாக்கத்திலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். எனக்கு அறிமுகமில்லாதவர். சுற்றிப் பார்த்துவிட்டு, "கருங்குழியில ஒரு லேத்து இருக்காமே, அங்க மட்டும் குடுத்துறாதீங்கன்னு எங்க குரூப்ல வந்திச்சு," என்றார்.

நான் என்ஜினை அணைத்துவிட்டு, அவரை உட்காரச் சொல்லி, ஷாம்பு பாக்கெட்டிலிருந்து ஆரம்பித்தேன்.