இடது காதைத் தடவியவர்

ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் காத்திருந்தோம். என்னோடு இருந்தவர் பூண்டுலோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. உள்ளே அவர் மனைவி. ஈர மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் போனில் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் சீட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு எரிச்சல்.

அவருடைய கூட்டாளி கம்ப்யூட்டர். சீட்டு விழும்போதெல்லாம் அவர் இடது காதைத் தடவினார்.

"காது வலிக்குதாங்க?"

"இல்லைங்க, எங்க தோட்டத்துச் சைகை. கையில நல்ல சீட்டு இருக்கு, நான் பாத்துக்கிறேன், நீ பயப்படாம விட்டுருன்னு கூட்டாளிக்குச் சொல்றது."

"போனுக்குக் கண்ணு இல்லையேங்க."

"தெரியுதுங்க, கை தானாப் போகுது. பாருங்க, கூட்டாளியே ஏலத்துல எனக்கு மேல ஏறி இருநூறு கேட்டுருச்சு! அதுகிட்ட ஒண்ணுமே இருக்காது. எத நம்பிக் கேக்குது? மனுசன்னா மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுருவேன்."

கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார். கண்ணுக்குக் கீழே எல்லாம் முகமூடி. கணக்கப்பிள்ளை எழுந்தார். டாக்டரையே பார்த்தபடி இடது காதைத் தடவிக்கொண்டு நின்றார்.

டாக்டரின் கை எங்கே போகிறதென்று நானும் பார்த்தேன்.