தனியாகப் போகப் பிடிக்காத ஆர்லோ

ஆர்லோ ரெய்னிக் இப்போது சர்க்கரை ஆலைக்கு பீட்ரூட் லாரி ஓட்டுகிறான். ஆறடி மூன்றங்குலம். உழுத வயலில் நடப்பவன் போல அகலக் கால் வைத்து நடப்பான்; பௌலிங் பந்தை உருட்டப் போகும்போதும் அதே நடைதான். மிச்சிகனில் எங்கள் ஊர்ப் பள்ளியின் பௌலிங் அணியில் நாங்கள் ஐந்து பேர்; கனத்த பந்தைப் பலகைத் தரையில் உருட்டி, எதிரே பாட்டில் போல நிற்கும் பத்துப் பின்களைச் சாய்க்கிற ஆட்டம் அது. நான் நாலாவது ஆள், அவன் கடைசி ஆள்.

மாநிலப் போட்டிக்குப் போக வேண்டுமானால் வட்டாரப் போட்டியில் தேற வேண்டும். முதல் இரண்டு அணிகள் முழுதாகப் போகும். மற்ற அணிகளிலிருந்து அதிகப் புள்ளி எடுத்த ஐந்து பேர் தனியாகப் போகலாம். இது என்ன நியாயம் என்று நாங்கள் பஸ்ஸில் சண்டை போடாத நாளில்லை. நல்ல அணியில் ஒட்டிக்கொண்ட சோப்ளாங்கி போய்விடுவான். மோசமான அணியில் மாட்டிய கெட்டிக்காரன் ஆறாவதாக வந்தால் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி முடித்தவன் நான், அதுவும் புள்ளியியலில். எனக்கே இன்னும் இதற்கு விடை தெரியாது.

பள்ளியின் கடைசி வருஷம். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் பட்டியல் ஒட்டினார்கள். தனி ஆட்களில் ஆர்லோ நாலாவது. அணி மூன்றாவது.

"நீ கரையேறிட்ட மாப்ள. நாங்கதான் இன்னும் தண்ணில கெடக்கோம்" என்றான் எங்கள் அணியின் கோரி.

ஆர்லோவின் முகம் தொங்கிவிட்டது. பந்து நன்றாகப் போனாலும் சொதப்பினாலும், திரும்பி வருகிறவன் மற்ற நாலு பேர் கையிலும் தட்டிவிட்டுத்தான் உட்காருவது எங்கள் வழக்கம்.

"தனியாப் போனா யார் கையிலடா தட்டுறது? செவுத்துலயா?" என்றான்.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. பக்கத்து ஊர் எம்மெட் ஸீல்கி, அவன் அப்பா, அம்மா, இரண்டு தங்கைகள். பக்கத்து ஊருக்கும் எங்களுக்கும் ஆகவே ஆகாது. அந்த அம்மாள் ஒரு தட்டு நாச்சோ சிப்ஸை எங்களிடம் நீட்டினார். கோரி தொடவில்லை, என்ன விஷயம் என்று கேட்டான்.

"லிஸ்ட்ல ஆறாவது நான்" என்றான் எம்மெட். "உங்க டீம் தேறிட்டா ஆர்லோ உங்களோட போயிடுவான், அவன் எடம் காலி. கீழ எறங்குற டீம்ல என்னை மிஞ்சின ஆள் யாருமில்ல, நான் உள்ள வந்துருவேன். அதனால இன்னைக்கு நீங்கதான்டா எங்க டீம். சாப்பிடுங்க."

கடைசி ஆட்டத்தை ஐந்து பேரும் பங்கு போட்டு ஆட வேண்டும். ஆளுக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு பந்து; புள்ளி அணிக் கணக்கில் மட்டும் சேரும். நான் என் முறையில் ஒரு பின்னைக் கோட்டை விட்டபோது எம்மெட்டின் அப்பா என்னைவிட ஓங்கித் தலையில் அடித்துக்கொண்டார். முடிவில் ஆர்லோவின் கடைசி முறை மட்டும் மிச்சம். இரண்டாம் இடத்துக்குப் பதினேழு பின் விழ வேண்டும்.

முதல் பந்தில் ஒன்பது. மூலைப் பின் அசையாமல் நின்றது. இரண்டாவது பந்து அதை மட்டும் வழித்துக்கொண்டு போனது. கடைசி முறையில் பத்தும் விழுந்தால் பின்களை மறுபடி நிறுத்தி இன்னொரு பந்து தருவார்கள்; இன்னும் ஏழு வேண்டும். ஆர்லோ கையைத் துண்டில் மூன்று தடவை துடைத்தான். தோற்றாலும் அவனுக்கு இடம் உண்டு, அந்தத் துடைப்பு எங்களுக்காக.

பந்து கொஞ்சம் விலகித்தான் போனது. ஆறு விழுந்தன. ஏழாவது, குடித்தவன் வீட்டுப் படியேறுவது போல அப்படியும் இப்படியும் ஆடி, மெல்லச் சாய்ந்தது.

நாங்கள் எழுந்து ஓடுவதற்குள் ஸீல்கி குடும்பமே அவனைச் சூழ்ந்துவிட்டது. எம்மெட் அவனைத் தூக்கப் பார்த்து முடியாமல் இருவரும் விழுந்தார்கள். நடுவர் பட்டியலில் ஆர்லோவின் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே எம்மெட் பெயரை எழுதினார். ஆர்லோ எங்கள் தோளில் கை போட்டுக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துப் பார்த்துச் சிரித்தான்.