புறங்கை

மூன்று நாள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். மேலப்பாளையத்துப் பள்ளிவாசல் முன்னால், தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதிவிடுவார்கள் என்று பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். பாதிப்பேர் நெற்றியில் பொட்டு. மல்லிகைப்பூவும் அத்தரும் கலந்த வாசனை வந்தது. சட்டென்று எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

எனக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவுக்கு ஒரே சாயங்காலத்தில் மூன்று மதம். அம்மன் கோயிலில் பூசாரி திருநீறு போட்டு ஊதுவார். மாதா கோயிலில் உபதேசியார் தலையில் கைவைத்து ஜெபிப்பார். கடைசியில் இந்த வாசல்.

"அதான் கோயில்ல ஊதியாச்சுல்லாம்மா?"

"எந்த மூச்சுக்கு எறங்கும்னு ஒனக்குத் தெரியுமாலே? பேசாம நில்லு."

மதங்களின் பொதுக்கூறுகளைப் பற்றிப் பிற்காலத்தில் ஓர் அலமாரி அளவுக்குப் படித்துக் கிழித்தேன். மூன்று பேருமே முதலில் புறங்கையால் என் கழுத்தைத் தொட்டுச் சூடு பார்த்தார்கள் என்பது ஒரு புத்தகத்திலும் இல்லை.

இந்த மூன்று நாளில் என்னை யாரும் தொடவில்லை. டாக்டர்கூட நெற்றிக்கு நேரே ஒரு கருவியை நீட்டியதோடு சரி. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, அந்தப் பெண்களுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"பிள்ள எங்க அண்ணாச்சி?" என்று கேட்டார் வெள்ளைத்தாடிப் பெரியவர் ஒருவர்.

"எனக்குத்தான் பாய்."

அவர் சிரிக்கவில்லை. புறங்கையை என் கழுத்தில் வைத்தார்.

"நல்லா சுடுதே. வீட்ல யாரும் இல்லியா?"

"ஊதுங்க பாய்" என்று கண்ணை மூடிக்கொண்டேன்.